எதை இழுக்கப் போறாய்?

அக்கா ஊரைவிட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. எங்கே போனார் என்று கேட்டால் எனக்குச் சரியாகத் தெரியாது. போவதற்கு முன் என்னிடம் மன்னார் என்றார். என் மனிசியிடம் திருகோணமலை என்றிருக்கிறார். சந்திக் கடைக்காரரிடம் வவுனியா. ஒருநாள் நாங்கள் மூன்று பேரும் கடை வாசலில் நின்று இதை ஒப்பிட்டுப் பார்த்தோம். கடைக்காரர், "மூண்டும் பொய்யாத்தான் இருக்கும்" என்றார். எங்களில் ஒருவருக்கும் கோபம் வரவில்லை. மூன்று பேருக்கும் ஒரே இடத்தைச் சொல்லியிருந்தால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று பயந்திருப்போம்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. மயிலிட்டியில் ஆமி பிடித்துவைத்திருந்த காணிகளைத் திரும்ப விட்டபோது நாங்களெல்லாம் பற்றை வெட்டிக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு ட்ரக்டரை ஓட்டிக்கொண்டு, அதன் பின்னால் தண்ணீர் பவுசர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அம்மாவின் காணி என்றார். உறுதி வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நெட்டையான, கறுத்த, எலும்பான உடம்பு. பாவாடை சட்டைக்கு மேல் ஆம்பிளைச் சேட்டு ஒன்று போட்டு, கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். தனியாள். இந்தக் கரையில் அனேகமான கிணறுகள் உவர். அதனால் அவருடைய பவுசருக்கு என்றும் வேலை இருந்தது.

ட்ரக்டர் ஓட எங்கே பழகினீர்கள் என்று ஆரம்பத்தில் எல்லோரும் கேட்டார்கள். "றோட்டிலை" என்பார். அதற்குமேல் கேட்க எவருக்கும் தைரியமில்லை. அவரைப்பற்றி ஊருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஊரைப்பற்றி அவருக்கு நூறு சந்தேகங்கள்.

யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அவரிடமிருந்து வருவது ஒரே கேள்விதான். "ஆர் சொன்னது? நீ கண்டனியோ?" பஸ் இன்றைக்கு ஓடாது என்றாலும் அதுதான். பாண் விலை ஏறிவிட்டது என்றாலும் அதுதான். ஒருமுறை பக்கத்து ஒழுங்கைக் கிழவர் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று அவருடைய மருமகனே அழுதுகொண்டு வந்து சொன்னார். அக்கா பவுசர் குழாயைச் சுருட்டியபடி, "நீ கண்டனியோ?" என்று கேட்டார். அந்த மனிசனுக்கு அழுகையே நின்றுபோனது. "போனிலை சொன்னவை" என்றார். "போய்ப் பாத்துப்போட்டு அழு." பந்தலுக்குச் சொல்லி, பறைக்குச் சொல்லி முடிந்தபிறகு பார்த்தால், அடுத்த கட்டிலில் இருந்தவர்தான் இறந்திருக்கிறார். கிழவர் அதற்குப்பிறகு மூன்று வருடம் இருந்தார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் அக்காவைக் கண்டால் கும்பிடுவார். அக்கா அவரையும் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலைப் பார்த்தபடி இருக்கிற கதிரையில்தான் இருப்பார். தேத்தண்ணீர் கொடுத்தால் அதில் பாதியை இன்னொரு கோப்பையில் ஊற்றித் தரச்சொல்லி, "நீங்களும் குடியுங்கோ" என்று மனிசியிடம் நீட்டுவார். மனிசி குடித்தபிறகுதான் அவர் வாய் வைப்பார். முதல்நாள் மனிசிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "நான் என்ன நஞ்சே வைப்பன்?" என்று என்னிடம் பொரிந்து தள்ளினாள். நாளடைவில் அக்கா வந்தால் அவளே வெறும் கோப்பை ஒன்றையும் சேர்த்துக் கொண்டுவரப் பழகிவிட்டாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். தன்னை மற்றவர்கள் நம்பவேண்டும் என்றும் அவர் எதிர்பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுபோகிற ஒவ்வொரு வீட்டிலும், தொட்டிக்குள் குழாயை விடுவதற்கு முன் ஒரு செம்பு எடுத்துவரச் சொல்வார். முதலில் தான் குடிப்பார். பிறகு வீட்டுக்காரர் குடிக்கவேண்டும். "பேந்து உப்பு எண்டு கதை வரக்கூடாது." ஆறு வருடமாகத் தண்ணீர் வாங்குகிற வீட்டிலும் இப்படித்தான்.

எரிபொருளுக்கு நாங்கள் நாள்கணக்காக வரிசையில் நின்ற காலத்தில், ஒருவர் வீட்டில் வைத்துச் சோடாப் போத்தல்களில் பெற்றோல் விற்றார். அது நல்ல பெற்றோல்தான் என்று கோயிலில் சத்தியம் செய்யக்கூடத் தயாராயிருந்தார். அக்காவுக்குப் பெற்றோல் தேவையே இல்லை. அவருடைய ட்ரக்டர் டீசலில் ஓடுவது. ஆனாலும் என்னோடு வந்து, போத்தலிலிருந்து ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டு வெயிலில் பிடித்தார். நல்ல பெற்றோல் என்றால் தடமில்லாமல் காய்ந்துவிடும். இது காய்ந்தபிறகும் எண்ணெய் வட்டம் ஒன்று அப்படியே கிடந்தது. மண்ணெண்ணெய் கலந்திருந்தார்கள். அக்கா சண்டை போடவில்லை.  அந்தக் கடதாசியை விற்பவரின் கேற்றிலேயே கம்பியில் குத்திவிட்டு வந்தார். அன்று பின்னேரம் அந்த வீட்டில் ஒரு போத்தல்கூட விற்கவில்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம் நான் பொய் சொன்னேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்குத் தொழில் பைபர் படகு திருத்துவது. உடைந்த இடத்தை வெட்டி, பைபர் நார்ப் பாய் வைத்து, பசை பூசி, உரஞ்சிக் கொடுப்பது. துறைமுகத்திலிருந்து என் கொட்டிலுக்கு முக்கால் மைல் தூரம். படகை ட்ரெயிலரில் ஏற்றி ஒரு பழைய லாண்ட்மாஸ்டரால், இரண்டு சில்லுக் கை ட்ரக்டரால், இழுத்து வருவேன். அது நடந்துபோகிறவரிலும் மெதுவாகப் போகும். சின்னப் படகுகளோடு காலம் ஓடியது. பிறகுதான் பருத்தித்துறைச் சம்மாட்டி ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஆறு பெரிய பைபர் படகுகள் வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டும், இழுத்துக்கொண்டுபோய் இறக்கித் தரவும்வேண்டும் என்றார். அன்றைக்குச் சரியான வெயில். சம்மாட்டி ஏ.சி. போட்ட வானைவிட்டு இறங்கவே இல்லை. என்னையும் உள்ளே ஏற்றி, கண்ணாடியையும் மூடிவிட்டு, அரைமணித்தியாலம் கதைத்தார். இறங்கும்போது, வேலை உறுதியாகும்வரை வெளியே சொல்லவேண்டாம் என்றார்.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனிசிக்குக்கூடச் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னால் தேத்தண்ணீரோடு அக்காவுக்கும் போய்விடும். அக்காவிடம் ட்ரக்டர் இருந்தது. என்னுடைய லாண்ட்மாஸ்டர் போல நாலு சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. சம்மாட்டியிடம் போய் "இழுக்கிற வேலையை நான் செய்யிறன்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், பாதி வேலை போய்விடும். அக்கா அப்படிச் செய்வார் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆனால் நினைத்தேன். அவரோடு பழகிப் பழகி அவருடைய குணம் எனக்கும் தொற்றிவிட்டதோ தெரியவில்லை.

இழுப்பதற்குப் பிக்கப் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்தேன். இரண்டு வாகனங்கள் கண்ணில் பட்டன. ஒன்று பருத்தித்துறையில், பெற்றோல் பிக்கப். சின்னது, வெள்ளை, கீறல் இல்லாதது. மற்றது சாவகச்சேரியில், டீசல் டபிள் கப் பிக்கப். பழையது, பாரமானது, கொஞ்சம் புகைவது. என் மச்சான், அதாவது மனிசியின் தம்பி, என்னோடு வேலை செய்பவன். அவன் பெற்றோலின் பக்கம். "அத்தான், பெற்றோல் எஞ்சின் எண்டால் நானே கழட்டிப் பூட்டுவன். டீசலிலை பம்ப் போனால் கொழும்புக்கெல்லோ அனுப்பவேணும்" என்றான். அது சரியான கதைதான்.

வாகன விஷயத்தில் அக்காவைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் எவரும் எதையும் வாங்குவதில்லை. கேட்காமல் விட்டால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். ஆகவே கேட்டேன்.

அவர் கொட்டிலுக்கு வந்து, படகு ஒன்றின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எதை இழுக்கப் போறாய்?"

"இப்ப இழுக்கிறதைத்தான் அக்கா. சின்னப் போட்."

"பெரிசு ஒண்டும் இல்லையோ?"

"பெரிசுக்கு நான் எங்கை போறது?"

மறுநாள் என் வளவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். செம்பை நீட்டியபடி, "ட்ரெயிலரின்ரை சில்லு மாத்திறியோ?" என்று கேட்டார். பெரிய படகு ஏற்றுவதென்றால் சில்லு மாற்றத்தான் வேண்டும். நான் இல்லை என்றேன். அதற்கடுத்தநாள் சந்திக் கடையில் கண்டபோது, எல்லோருக்கும் கேட்க, "அப்ப உனக்குச் சின்னப் போட் மட்டும்தான்?" என்றார். "ஓம் அக்கா" என்றேன். என் முகத்தை ஒருதரம் பார்த்தார். நான் கடைக்குள் தொங்கிய வாழைக்குலையைப் பார்த்தேன்.

"சின்னப் போட் எண்டால் பெற்றோல் காணும்," என்றார். "வெளிக்கிட்ட உடனை ஓடும், பாரமில்லை, பாட்ஸும் கிடைக்கும். ஆனா ஒண்டு. பெற்றோலைக் கத்த வைச்சால்தான் இழுக்கும். டீசல் கத்தாது, அடியிலை இருந்து தூக்கும். நிண்ட இடத்திலை இருந்து பாரத்தை அசைக்கிறதுதான் கஷ்டம். ஓடத் துவங்கினால் ஆரும் இழுப்பினம். அதுவும் ஏத்தம் எண்டால் பெற்றோலுக்குச் சீவன் போகும்." கொஞ்சம் நிறுத்தி, "நீ சொன்னது உண்மையெண்டால் பெற்றோலை எடு" என்றார்.

உண்மையைச் சொல்வதென்றால், டீசலைத்தான் எடுக்கவேண்டும் என்று எனக்கே அப்போது விளங்கிவிட்டது. ஆனால் டீசலை எடுத்தால் பெரிய படகு இருக்கிறதென்று அக்காவுக்கு விளங்கிவிடும். சம்மாட்டியின் முதல் படகை இழுத்து வேலையை உறுதிப்படுத்தும்வரை பெற்றோலால் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அடுத்த கிழமை அந்த வெள்ளைப் பிக்கப் என் வளவில் நின்றது. அக்கா வந்து சுற்றிப் பார்த்தார். பின்னால் குனிந்து, ட்ரெயிலர் கொழுவுகிற கொக்கியைப் பார்த்தார். நான் காரணம் சொல்லாமல் கேட்டபடி, மச்சான் அதற்குப் புதிதாக இரண்டு இரும்புத் தகடு வைத்து ஒட்டியிருந்தான். அக்கா அந்த ஒட்டை விரலால் தடவினார். 

அந்தக் கிழமையே வீட்டில் ஏதோ சரியில்லாமல் போனது. மனிசி என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. என் சேட்டுப் பைகள் வெளியே இழுபட்டுக் கிடந்தன. ஏதோ பத்திரத்துக்குப் பாஸ்போட் தேவைப்பட்டுத் தேடினேன். அலுமாரியில் இல்லை. "நீ கண்டனியோ?" என்று மனிசியைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? உங்களுக்கு ஏன் இப்ப அது?" என்று என்னையே குறுக்குக்கேள்வி கேட்டாள். பெண்ணாசை ஏதாவது என்று நினைக்கிறாளோ என்று நான் நினைத்தேன்.

முதல் படகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. பருத்தித்துறையிலிருந்து கடலாலேயே ஓட்டிவந்திருந்தார்கள். அடிப்பக்கம் வெடித்திருந்ததால் வழிநெடுகத் தண்ணீர் ஏறியிருந்தது. இறைத்துவிட்டு ஏற்றுங்கள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். சனம் கூடுவதற்குள் கொண்டுபோகவேண்டும் என்ற அவசரத்தில் சொல்லவில்லை. எஞ்சின், ஐஸ் பெட்டி, வயிற்றில் தண்ணீர், எல்லாவற்றோடும் படகு ட்ரெயிலரில் ஏறியது.

துறைமுகத்தில் படகு ஏற்றுகிற சீமெந்துச் சரிவு அன்று பாசி பிடித்திருந்தது. முதல் கியரில் போட்டு மெதுவாகக் கிளச்சை விட்டேன். அசையவில்லை. கொஞ்சம் கூடக் கொடுத்தேன். எஞ்சின் கத்தியது. இரண்டு முழம் ஏறியது. இன்னும் கொடுத்தேன். குழந்தை வீரிடுகிறதுபோல ஒரு சத்தம், பிறகு கிளச் கருகிய மணம் கால்களுக்குக் கீழிருந்து வந்தது. எஞ்சின் கத்திக்கொண்டேயிருக்க, வண்டி பின்னுக்குப் போகத் தொடங்கியது. பிறேக்கை மிதித்தேன். சில்லுகள் நின்றன. ஆனால் நின்ற சில்லுகளோடேயே வண்டி பாசியில் வழுக்கிப் போனது.

"அத்தான், பிடியுங்கோ! கட்டை வைக்கிறன்!" என்று மச்சான் கத்தியது கேட்டது. கண்ணாடியில் அவன் குனிவதைக் கண்டேன். ட்ரெயிலரின் சில்லுக்குக் கீழே மரக்கட்டையைச் செருகினான். அது வழுக்கி வெளியே பாய்ந்தது. அவனுடைய கால் அங்கே இருந்தது.

அவன் போட்ட சத்தத்தை எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டு பேர் ஓடிவந்து அவனை இழுத்தெடுத்தார்கள். என்னால் இறங்க முடியாது. காலை எடுத்தால் படகு, ட்ரெயிலர், பிக்கப், எல்லாம் கடலுக்குள். பின்சில்லுகள் ஏற்கெனவே தண்ணீரில். அப்போதுதான் முன்கண்ணாடியில் ஒரு ட்ரக்டரின் பின்புறம் எங்களை நோக்கி இறங்கி வருவதைக் கண்டேன். பவுசர் பூட்டவில்லை. சங்கிலி தயாராகத் தொங்கியது. அக்கா ஆசனத்தில் திரும்பியிருந்து பின்னுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நிறுத்திக் குதித்தார். சங்கிலியை என் வண்டியின் முன் கொக்கியில் மாட்டினார். கண்ணாடிக்கு அருகே வந்தார்.

"பிறேக்கை விடாதை. நான் கையைக் காட்டினால் மட்டும் விடு. விளங்குதோ?"

"அக்கா, மச்சான்—"

"அவனைப் பாக்கினம். நீ என்ரை கையைப் பார்."

கையைக் காட்டினார். விட்டேன். ட்ரக்டர் கத்தவில்லை. தட்டுத்தட்டென்று, ஏதோ வெறும் வயலில் போகிறதுபோல, எங்கள் எல்லோரையும் அப்படியே மேலே இழுத்துக்கொண்டு வந்து சமதரையில் நிறுத்தியது.

மச்சானுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். சத்திரசிகிச்சை நடக்கும்போது நானும் அக்காவும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். அவருடைய கைகளில் சங்கிலிக் கறள் அப்படியே இருந்தது.

"மூண்டு தரம் கேட்டனான்," என்றார்.

எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சுதானே சங்கிலியோடை வந்து நிண்டனீங்கள்? தெரிஞ்சால் ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீ பொய் சொல்லுறாய் எண்டு தெரியும். என்னத்திலை பொய் எண்டு தெரியாது."

"அப்ப என்ன நினைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

அவர் ஆஸ்பத்திரி வாசலால் போகிற வருகிறவர்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ ஆக்களை ஏத்தப் போறாய் எண்டு நினைச்சன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். கண்ணாடி மூடிய வான். அதற்குள் வெளியூர் ஆள். கொக்கிக்குப் புது இரும்பு. கேட்டால் ஒன்றுமில்லை என்கிற கதை. பெரிய படகு ஒன்றைத் திருத்தி, ஆட்களை அடைத்து ஏற்றி, வெளிநாட்டுக்கென்று கடலில் விடுகிறவர்களோடு நான் சேர்ந்துவிட்டேன் என்று அவர் முடிவுகட்டியிருக்கிறார். நானும் அதில் போகக்கூடும் என்று மனிசியிடம் சொல்லியிருக்கிறார். என் பாஸ்போட் அரிசி வாளிக்குள், அரிசிக்குக் கீழே இருந்தது.

"நானோ? என்னையோ அப்பிடி நினைச்சனீங்கள்? இத்தனை வருசம் பழகி?"

"ஏன், நீ எண்டால் என்ன? செய்யிறவை முகத்திலை எழுதிக்கொண்டே வாறவை?"

"அப்ப சங்கிலி என்னத்துக்கு?"

"படகை உள்ளை இறக்கினால் இழுத்து வெளியிலை போட."

நான் சிரித்திருக்கவேண்டும். சிரிப்பு வரவில்லை. ஒரு தனி மனுசி, ஆட்கடத்துகிறவர்கள் என்று நினைத்த ஆட்களிடமிருந்து படகைப் பறித்தெடுப்பதற்காக, நாலைந்து நாளாக விடியற்காலையிலிருந்து துறைமுகத்தில் ட்ரக்டரோடு காத்து நின்றிருக்கிறார்.

"என்ரை தம்பியும் மீன்பிடிக்கப் போறன் எண்டுதான் சொன்னவன்," என்றார் அக்கா. "நான் ஒருதரம்தான் கேட்டனான்."

அதற்குப்பிறகு அதைப்பற்றி அவர் ஒருபோதும் கதைத்ததில்லை. நானும் கேட்கவில்லை.

மனிசி ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. இந்தமுறை உண்மையான காரணம் இருந்தது. "ஒளிக்காமல் விட்டிருந்தால் என்ரை தம்பியின்ரை கால் முழுசா இருந்திருக்கும்" என்று ஒருதரம் மட்டும் சொன்னாள். மச்சான் என்னைக் குறை சொல்லவில்லை. "கட்டை வழுக்கினதுக்கு நீங்கள் என்ன செய்யிறது அத்தான்" என்பான். எட்டு மாதத்தில் நடந்தான். இப்போதும் கொஞ்சம் சரிந்துதான் நடக்கிறான். மழைக்காலத்தில் அந்தக் காலைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்டால் நான் வேறு பக்கம் போய்விடுவேன்.

சம்மாட்டி நல்ல மனிசன். வேலையை நிறுத்தவில்லை. பெரிய படகுகளை அக்காவின் ட்ரக்டரால் இழுத்தோம். நான் பயந்ததுபோல அவர் ஒரு வேலையையும் பறிக்கவில்லை. பெற்றோல் பிக்கப்பை வந்த விலைக்கு விற்றேன். வாங்கியவர் மரக்கறி ஏற்றுபவர். அவருக்கு அது இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது.

பிறகு டீசல் பார்க்க அக்காவோடு சாவகச்சேரிக்குப் போனேன். வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனோம். அதுதான் பிழை என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வாகனக்காரர் கைகூப்பி வரவேற்க, அக்கா அவரைக் கடந்துபோய் பொனெற்றில் உள்ளங்கையை வைத்தார்.

"சுடுது."

"இப்பதான் கடைக்குப் போட்டு வந்தனான் அக்கா."

"சரி. எஞ்சின் ஆறும்மட்டும் நாங்கள் இருக்கிறம்."

மாமரத்துக்குக் கீழே இரண்டு மணித்தியாலம் இருந்தோம். வாகனக்காரர் மூன்றுமுறை ஸ்ராட் பண்ணிக் காட்ட எழும்பினார். மூன்றுமுறையும் அக்கா கையை உயர்த்தி மறித்தார். எஞ்சின் நன்றாக ஆறியபிறகு திறப்பைத் திருப்பச் சொன்னார். அது இருமியது, வெள்ளையாகப் புகைத்தது, நாலாந்தரம்தான் பிடித்தது. அக்கா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார். "வாறம்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த டபிள் கப்பைச் சொல்லாமல் போய்ப் பார்த்தோம். ஆறிக் கிடந்த எஞ்சின் முதல்தரத்திலேயே பிடித்தது. அக்காவுக்கு அதுவும் காணாது. பக்கத்து வீட்டில் கல்லேற்றி நின்ற ட்ரெயிலர் ஒன்றைக் கெஞ்சிக்கேட்டு வாங்கி, அதைக் கொழுவி, ஏற்றத்தில் நிறுத்தி, அங்கிருந்து வெளிக்கிடச் சொன்னார். கத்தாமல் இழுத்தது. என் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லு. எதை இழுக்கப் போறாய்?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். படகின் நீளம், பாரம், சரிவு, மாதத்துக்கு எத்தனை தரம். சொல்லி முடியும்வரை கேட்டுவிட்டு, "இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவர் போவதற்கு நாலைந்து மாதத்துக்கு முன் ஒருநாள் காலையில் எங்கள் கேற்றடியில் வந்து நின்றார்.

"நாளைக்கு என்னோடை யாழ்ப்பாணம் வரவேணும். கண்ணிலை வெட்டப் போகினம். வாகனம் ஓடிக்கொண்டு திரும்பேலாதாம். ஒராள் கூட வேணுமாம்."

"அதுக்கென்ன அக்கா, மனிசியையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"வேண்டாம். நீ மட்டும்."

அடுத்தநாள் என் டபிள் கப்பில் போகிற வழியில் துணிந்து கேட்டேன். இத்தனை பேர் இருக்க, ஒருதரம் பொய் சொன்ன என்னை ஏன் கேட்டீர்கள் என்று.

"நீ பொய் சொல்லிப் பிடிபட்டனி," என்றார் அக்கா. "பிடிபடாதவையோடைதான் எனக்குப் பயம்."

திரும்பி வரும்போது வலக்கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அவரை நான் இடப்பக்க ஆசனத்தில் கண்டதேயில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். முன்னால் பஸ் நின்றால் அவருடைய கால் தானாகவே பிறேக்கைத் தேடியது. சுன்னாகம் தாண்டியதும் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலை கண்ணாடிப் பக்கம் சரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, அக்கா நித்திரை. மருந்தின் மயக்கம். வேறொருவர் முன்னால் அவர் கண்மூடியதை நான் அன்றுதான் கண்டேன். பள்ளங்களைக் கண்டு கண்டு விலத்தி, அரை வேகத்தில் ஓட்டினேன்.

தெல்லிப்பழைக்கு அங்கால் ஒரு ஹோர்ன் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பினார்.

"எவ்வளவு நேரம் நித்திரை?"

"ஒரு இருவது நிமிசம்."

"எந்த றோட்டாலை வந்தனி?"

"பெரிய றோட்டாலைதான். ஒரு இடத்திலை கிடங்கு வெட்டியிருந்தாங்கள், உள்றோட்டாலை விட்டு எடுத்தனான்."

அவர் என் பக்கம் சாய்ந்து, மூடாத ஒற்றைக் கண்ணால் மீற்றரில் ஓடிய தூரத்தைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. வெளிக்கிட்டபோதும் அதைப் பார்த்து மனதில் வைத்திருக்கிறார். கூட்டிக் கழித்து, உள்றோட்டுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்.

"சரி," என்றார்.

நிமிர்ந்து இருந்தார். முன்னால் போகிற ஆட்டோவைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, வீட்டுக்கு இன்னும் மூன்று சந்திகள் இருக்க, அந்த ஒற்றைக் கண்ணைத் தானாகவே மெதுவாக மூடிக்கொண்டார்.